கைப்பேசிக் கீற்றும் நன்னூற் குற்றமும்

நூலுக்குத் தலைப்பு எத்தகையதோ, கைப்பேசிச் செயலிக்கு அதன் அடியிலோ முடியிலோ நிற்கும் வழிகாட்டுப் பட்டை அத்தகையது. அப்பட்டையில் நான்கைந்து சிறு கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு படமும் அதன்கீழ் ஒரு சொல்லும் இருக்கும். விரலால் தொட்டால் அச்சொல் குறிக்கும் பகுதி திறக்கும். இத்துணைச் சிறிய பொருளைப் பற்றி ஒரு திறனாய்வுக் கட்டுரை வேண்டுமோ என்று கேட்பார் உளர். வேண்டும் என்பதே நம் துணிபு. இற்றை நாளில் தமிழ் மக்களிற் பலர் நாடோறும் கண்ணாற் காணும் தமிழ்ச்சொற்கள் புத்தகத்தில் இருப்பவை அல்ல. கைப்பேசித் திரையில் இருப்பவையே. அங்கே தமிழ் எவ்வாறு நிற்கின்றது என்று பார்ப்பது தமிழாசிரியர் கடமைகளுள் ஒன்றாகிவிட்டது.

இவ்வெண்ணம் எழக் காரணமாய் இருந்தது கேமரன் மலையிற் கண்ட ஒரு காட்சி. தானா ராத்தாவை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றில், வேலையினின்று ஓய்ந்த ஒரு மூதாட்டியாரைப் பார்க்கச் சென்றிருந்தேன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். நாளிதழை இன்றும் எழுத்துக் கூட்டாமல் படிப்பவர். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் பேரன் அவருக்கு ஒரு கைப்பேசி வாங்கித் தந்து, அதன் மொழியைத் தமிழாக்கியும் கொடுத்திருக்கிறான். அவர் வழக்கமாகப் பார்க்கும் செயலியின் அடிப்பட்டையில் ஐந்து கட்டங்கள். முதற் கட்டத்தில் ‘முகப்பு’ என்று முழுமையாக இருந்தது. ஏனையவை ‘செய்திக…’, ‘அறிவிப்…’, ‘சேமித்த…’, ‘அமைப்பு…’ என்று அரைகுறையாக நின்றன.

“பாதிப் பாதியா நிக்குதுய்யா. முழுசா இருந்தா நான் படிச்சிருவேன். இப்ப பேரன் மலாயில மாத்தி வச்சிட்டுப் போறேங்கறான். எனக்கு மலாய் எழுத்துப் படிக்க வராதே. இடத்தைப் பாத்து அமுக்கிக்கலாம் பாட்டிங்கறான்” என்றார் அவ்வம்மையார்.

இதில் நகைப்பதற்கு ஒன்றும் இல்லை. தமிழ் நன்கு படிக்கத் தெரிந்த ஒருவரை, இடம் பார்த்து அமுக்கும் எழுத்தறியாதவராக ஆக்கிவிடும் நிலை இது. நாளை அச்செயலியைப் புதுப்பித்துக் கட்டங்களின் வரிசையை மாற்றினால், அவர் வழியறியாது நிற்பார். பள்ளி கொடுத்த எழுத்தறிவைப் பட்டை பறித்துக்கொள்கிறது.

கேமரன் மலையில் இந்நிகழ்ச்சி நடந்ததற்குத் தனிப் பொருள் உண்டு. வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் 1885இல் இம்மலைப் பகுதியைக் கண்டு குறித்தார். 1929இல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டமும், 1933இல் தோன்றிய பாரத் தோட்டமும் காட்டைத் தேயிலைச் சரிவாக்கின. அவ்வாறு ஆக்கிய கைகளிற் பெரும்பாலானவை தமிழர் கைகள். ரிங்லெட், தானா ராத்தா, சுங்கை பாலாஸ், புளூ வேலி ஆகிய இடங்களில் தமிழ்ப் பள்ளிகள் எழுந்தன. இன்றோ தோட்ட வேலையில் வெளிநாட்டுத் தொழிலாளர் மிகுந்துவிட்டனர். பழைய குடும்பங்களின் பிள்ளைகள் ஈப்போவிற்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டனர். மலைமேல் இருக்கும் முதியவருக்கும் நகரத்தில் இருக்கும் பேரப்பிள்ளைக்கும் இடையே எஞ்சியிருக்கும் பாலம் கைப்பேசியே. அப்பாலத்தின் வழிகாட்டுப் பலகையிலே தமிழ் அரைகுறையாக நிற்கலாமோ?

முதலில் பெயரை நோக்குவோம். ஆங்கிலத்தில் ‘டேப்’ எனப்படும் இக்கட்டத்தைத் தமிழில் ‘தாவல்’ என்றும் ‘தத்தல்’ என்றும் எழுதுகின்றனர். இது பெயர்ப்பிலே நேர்ந்த ஒரு மயக்கம். ஆங்கிலத்தில் ‘டேப்’ என்று ஒலிக்கும் சொற்கள் இரண்டு உள. தட்டச்சுப் பொறியில் நிரலுக்கு நிரல் குதித்துச் செல்ல உதவும் விசையின் பெயர், அட்டவணை அமைத்தலைக் குறிக்கும் ‘டாபுலேட்டர்’ என்பதன் குறுக்கம். அதற்குத் தாவல், தத்தல் என்பன பொருந்தும். கோப்புகளின் விளிம்பில் பெயரெழுதி நீட்டிவைக்கும் துண்டின் பெயர் வேறு. திரையில் உள்ள கட்டத்திற்கு இத்துண்டே மூலம். இதில் தாவுதலும் இல்லை, தத்துதலும் இல்லை. இதனைக் ‘கீற்று’ என்று வழங்குவாரும் உளர். விளிம்பில் நீளும் மெல்லிய துண்டுக்கு அச்சொல் பொருந்துவதால், இக்கட்டுரையிலும் கீற்று என்றே வழங்குவோம்.

கீற்றின் தோற்றத்தை அமைப்பவர் தம் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம். எழுத்துரு, எழுத்தின் அளவு, நிறம், படம், கட்டங்களின் எண்ணிக்கை, தேர்ந்தெடுத்த கட்டத்தைக் காட்டும் அடையாளம் ஆகிய அனைத்தும் அவர் கையில் உள்ளன. ஆதலின் இங்கே நேரும் குற்றம் கருவியின் குற்றம் அன்று, அமைப்பவர் குற்றமே. அக்குற்றங்களை வகைப்படுத்தப் புதிய அளவுகோல் தேட வேண்டியதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூலிற்கு ஆகாத குற்றங்கள் பத்தினை எண்ணிக் காட்டுகிறது. அவற்றுட் சில இப்பட்டைக்கு வியக்கத்தக்க வகையிற் பொருந்துகின்றன.

முதலாவது, சென்று தேய்ந்திறுதல். நூலின் நடை தொடக்கத்திற் சிறந்து போகப்போகத் தேய்வதையே பவணந்தியார் அப்பெயரால் குறித்தார். கைப்பேசியிலோ சொல்லே தேய்ந்து மூன்று புள்ளியாய் முடிகின்றது. இதன் காரணம் எளிய கணக்கு. ஆண்டிராய்டு கைப்பேசிகளிற் பல, அமைப்பாளர் கொள்ளும் அளவையில் 360 அலகு அகலம் உடையவை. அதனை ஐந்தாகப் பகுத்தால் ஒரு கீற்றுக்கு 72 அலகே கிட்டும். இரு புறமும் விடும் வெற்றிடத்தைக் கழித்தால் இன்னும் குறையும். ஆங்கிலத்தின் ஒல்லியான எழுத்துகள் அவ்விடத்தில் அடங்கும். ‘ண’, ‘ஞ’, ‘ணை’ போன்ற அகன்ற எழுத்துகள் அடங்குவது அரிது. ஆங்கிலத்தில் வரைந்து முடித்த பட்டையில் தமிழைப் பின்னர்க் கொண்டுவந்து திணிப்பதால் வரும் கேடு இது. அடிப்பட்டையில் மூன்று முதல் ஐந்து கீற்றுகளே இருத்தல் வேண்டும், பெயரை இடையில் அறுத்தல் ஆகாது என்று கூகுள் நிறுவனத்தின் அமைப்பு நெறிகளே கூறுகின்றன. தமிழுக்கு ஐந்து மிகையென்றால் நான்காக்குவதே முறை.

இரண்டாவது, வழூஉச்சொற் புணர்த்தல். சில செயலிகளில் சொல்லை அகலம் பார்த்து அறுக்காமல் எண்ணிக்கை பார்த்து அறுக்கின்றனர். அவ்வெண்ணிக்கை தமிழ் எழுத்தின் எண்ணிக்கை அன்று. ‘செய்திகள்’ என்பதில் நாம் எண்ணுவது ஐந்தெழுத்து. ஒருங்குறியிலோ அது ஒன்பது குறிகளாகப் பதிவாகிறது. ஒற்றைக் கொம்புக்கு ஒரு குறி, மேல்விலங்குக்கு ஒரு குறி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு குறி. எட்டுக் குறியோடு நிறுத்துக என்று ஒருவர் கட்டளையிட்டால், கடைசிப் புள்ளி கழன்று ‘செய்திகள’ என்று நிற்கும். மெய் உயிர்மெய்யாகி, தமிழில் இல்லாத சொல் ஒன்று பிறந்துவிடும். மெய்க்குப் புள்ளி உயிர்நிலை என்பதை முதல் வகுப்பிலேயே கற்பிக்கின்றோம். அதனை அறியாத பொறி ஒன்று அதே பிள்ளையின் கையில் இருக்கின்றது. எழுத்தை முழு எழுத்தாக எண்ணும் வழிகள் இன்றைய கணினி மொழிகளில் உள்ளன. அவற்றைக் கையாளாமை சோம்பலே.

மூன்றாவது, மிகைபடக் கூறல். இக்குற்றத்திற் பெரும்பங்கு பெயர்ப்பாளருடையது. ஆங்கிலத்தில் பன்மை இருப்பதால் ‘செய்திகள்’, ‘அறிவிப்புகள்’, ‘அழைப்புகள்’, ‘படங்கள்’ என்று ஒவ்வொன்றிலும் ‘கள்’ விகுதி ஏற்றுகின்றனர். தமிழ் இலக்கணம் இதை வேண்டவில்லை. அஃறிணைப் பெயர் ‘கள்’ பெறாமலே ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாய் நிற்கும். பால்பகா அஃறிணைப் பெயர் என்று இலக்கண நூலார் இதற்குப் பெயரும் இட்டுள்ளனர். தேயிலைத் தோட்டத்தில் எவரும் ‘கொழுந்துகள் கிள்ளினோம்’ என்று சொல்லக் கேட்டதில்லை. கூடை நிறையக் கிள்ளினாலும் ‘கொழுந்து’ தான். அவ்வாறே கீற்றில் ‘செய்தி’ என்றால் போதும், மூன்றெழுத்தில் முடியும். ஏழெழுத்தாகிய ‘அறிவிப்புகள்’ ஐந்தெழுத்தில் ‘அறிவிப்பு’ ஆகும். ‘அமைப்புகள்’ என்பதை ‘அமைவு’ எனலாம். ‘சுயவிவரம்’ என்று வடசொற்களைக் கூட்டி நீட்டுவதினும் ‘என் பக்கம்’ என்பது தெளிவு. இடமில்லையேல் ‘நான்’ என்றாலும் குற்றமில்லை.

இங்கே ‘முகப்பு’ என்னும் சொல்லைப் பாராட்டாமல் இருத்தல் முறையன்று. ஆங்கிலத்தில் வீடு என்று பொருள்படும் சொல்லை ‘வீடு’ என்றே பெயர்த்து நம்மை நகைக்க வைத்தவர் இருந்தனர். கட்டடத்தின் முன்புறத்தைக் குறிக்கும் ‘முகப்பு’ என்பதை எடுத்தாண்டவர் பொருளையும் அறிந்தார், அளவையும் அறிந்தார். நான்கே எழுத்து, எக்கட்டத்திலும் அடங்கும். மூதாட்டியார் திரையில் அது ஒன்றே முழுமையாய் நின்றதை மீண்டும் நினைக்க. நல்ல சொல்லாக்கம் அழகுக்காக மட்டும் அன்று. அது பயன்படுத்துவோரின் உரிமையையும் காக்கிறது. சுருங்கப் பெயரிடுதல் நமக்குப் புதிதும் அன்று. திருக்குறளின் 133 அதிகாரங்களுட் பல கல்வி, கேள்வி, அன்புடைமை, வான்சிறப்பு என்றாற்போலச் சிறு பெயர்களையே தாங்கி நிற்கின்றன.

நான்காவது, குன்றக் கூறல். இடம் போதவில்லை என்று சொல்லையே நீக்கிவிட்டுப் படத்தை மட்டும் நிறுத்துவது இது. படம் எல்லார்க்கும் பொதுமொழி என்பர். தேயிலைப் பெட்டியின்மேல் தூளின் தரத்தைக் குறித்து ‘பி.ஓ.பி.’ என்று எழுதியிருப்பர். தொழிற்சாலையில் தரம் பிரிப்பவருக்கு அது ஒரு முழு வாக்கியம். கடையில் வாங்குபவருக்கு ஒன்றும் இல்லை. படமும் அத்தகையதே. அமைவைக் குறிக்கும் பற்சக்கரத்தைக் காட்டி, இது என்ன என்று அவ்வம்மையாரிடம் கேட்டேன். “பாக்டரி மெசினு” என்றார். கொழுந்தை உருட்டும் பொறியோடு வாழ்நாள் கழித்தவர்க்கு வேறு என்ன தோன்றும்? நான்கும் அதற்கு மேலும் கீற்றுகள் இருந்தால், தேர்ந்தெடுத்த கீற்றின் பெயரை மட்டும் காட்டி ஏனையவற்றின் பெயரை மறைப்பது ஆண்டிராய்டுப் பட்டையில் நெடுநாளாக இயல்பமைப்பாக இருந்து வந்துள்ளது. எல்லாப் பெயரையும் எப்போதும் காட்டுக என்று அதனை மாற்ற ஒரு வரிக் கட்டளை போதும். அந்த ஒரு வரியை எழுதாதவர் எத்தனை பேர் என்பதே கேள்வி.

ஐந்தாவது, மயங்க வைத்தல். எந்தக் கீற்றில் இருக்கிறோம் என்பதைக் காட்ட ஆங்கிலத்தார்க்குப் பல வழிகள் உள. மேற்பட்டைக் கீற்றுகளைப் பேரெழுத்தில் எழுதுவது ஆண்டிராய்டில் நெடுநாள் வழக்காய் இருந்தது. தமிழில் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் இல்லை. ஆகவே அவ்வழியை நம்பி அமைத்த பட்டையில் தமிழ்க் கீற்று எவ்வித வேறுபாடும் இன்றி நிற்கும். எழுத்தைத் தடிப்பாக்குவது மற்றொரு வழி. சிறிய அளவில் தமிழ் எழுத்தைத் தடிப்பாக்கினால் ‘ண’, ‘ஐ’ ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டு மையொழுகினாற் போலாகும். தமிழுக்கு ஏற்றவை நிறமாற்றமும், கீற்றின் பின்னே இடும் வண்ணப் பட்டையும், கீழ்க்கோடுமே. நிறத்திலும் அளவு உண்டு. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு 4.5க்கு 1 என்ற விகிதத்திற் குறையலாகாது என்பது இணைய உள்ளடக்க அணுகல் நெறிகளின் விதி. தேராத கீற்றுகளை வெளிர்சாம்பலில் மங்கவிடுவது, முதிய கண்ணுக்குக் கதவடைப்பதாகும்.

எழுத்தின் அளவும் இதனோடு சேர்ந்ததே. ஆப்பிள் கைப்பேசியின் அடிப்பட்டையில் இயல்பான எழுத்தளவு 10 புள்ளி, ஆண்டிராய்டில் 12. ஆங்கிலத்திற்கு இவை போதலாம். தமிழிலோ ‘மு’ என்பதையும் ‘மூ’ என்பதையும் பிரிப்பது ஒரு சிறு சுழி. ‘க’ என்பதையும் ‘க்’ என்பதையும் பிரிப்பது ஒரு துளி. அத்துளி திரையில் தூசு போல் ஆகிவிடும் அளவில் எழுதுவது எழுதாமைக்கு ஒப்பு. இரண்டு கீற்றைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்குவதே அறிவுடைமை. தொடும் இடம் ஆப்பிள் நெறிப்படி 44 புள்ளிக்கும், ஆண்டிராய்டு நெறிப்படி 48 அலகுக்கும் குறையலாகாது என்பதையும் இங்கே நினைக்க. ஆண்டுக்கணக்காகக் கொழுந்து கிள்ளிக் காய்ப்பேறிய விரலுக்கு அதனினும் சற்று மிகுதியே வேண்டும்.

மாறுகொளக் கூறலும் உண்டு. ஒரு பக்கத்தில் ‘தேடல்’, மறு பக்கத்தில் ‘தேடுக’, மூன்றாவதில் ‘தேடு’ என்று ஒரே செயலி மூன்று குரலிற் பேசும். கீற்றெல்லாம் பெயர்ச்சொல்லாக இருப்பதே செம்மை. பொத்தான்களை ஏவலாகவோ வியங்கோளாகவோ ஏதேனும் ஒரு வடிவில் நிறுத்துக. இவ்வொழுங்கைப் பெயர்ப்பைத் தொடங்கும் முன்பே வகுத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் ஒட்டுநிலை மொழி. சொற்கள் நீளத்தான் செய்யும். அமைப்பாளரைக் குறைகூறிப் பயன் என்ன என்று சிலர் மறுக்கலாம். மறுப்பில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் நம் அண்டை மொழியாகிய மலாயை நோக்குக. அதிலும் ஒட்டுகள் உண்டு. அறிவிப்பைக் குறிக்கும் ‘பெம்பெரித்தாவுவான்’ என்னும் சொல் உரோம எழுத்தில் பதின்மூன்று எழுத்து. எனினும் முகப்பைக் குறிக்க ‘லாமான் உத்தாமா’ என்று நீளும் தொடரை ‘உத்தாமா’ என்று நிறுத்தி இடத்துக்கு ஏற்ப அமைத்துக்கொள்வர். நீளமான மொழிக்கு வேண்டியது இரக்கம் அன்று, பெயரிடுவோரின் உழைப்பு. மேலும், நம் நாட்டில் இவ்வுழைப்புக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் ‘முரசு அஞ்சல்’ மென்பொருளை உருவாக்கினார். 2005இல் ‘செல்லினம்’ வழியாகக் கைப்பேசியிலே தமிழில் எழுத வழி செய்தார். ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்ற ‘இணைமதி’ எழுத்துருவும் அவர் வடித்ததே. திரையில் தமிழை எழுதும் வழியை இந்நாட்டுத் தமிழர் ஒருவர் திறந்து வைத்தார். அங்கே எழுதப்படும் தமிழைத் திருத்தும் பணி நம்முடையது.

தமிழாசிரியர் இதில் என்ன செய்ய இயலும்? செயலிகளைப் பெயர்ப்பவருக்குப் பெரும்பாலும் திரை காட்டப்படுவதில்லை. சொற்பட்டியல் ஒன்றே தரப்படுகிறது. எந்தச் சொல் எந்த இடத்தில் நிற்கும், எத்தனை எழுத்துக்கு அங்கே இடமுண்டு என்பதை அறியாமலே அவர் எழுதுகிறார். ஆகவே பெயர்ப்பாளர் திரையை முதலிற் காணுதல் வேண்டும். பெயர்த்த பின் விலைமலிந்த சிறு கைப்பேசி ஒன்றில், எழுத்தைப் பெரிதாக்கி வைத்துப் பார்த்தல் வேண்டும். முதியவர் ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டல் வேண்டும். வகுப்பிலும் இதனை ஒரு பயிற்சியாக்கலாம். ஐந்து எழுத்துக்கு மேற்படாமல், பொருள் மாறாமல், பத்துக் கீற்றுகளுக்குப் பெயரிடுக என்று மாணவரைக் கேட்டால், சொல்லின் ஆற்றலையும் பால்பகா அஃறிணைப் பெயரின் பயனையும் ஒருசேர அறிவர். தரமான தேயிலைக்கு இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் கிள்ள வேண்டும். முற்றிய இலையும் தண்டும் சேர்ந்தால் சுவை கெடும். நீண்ட தொடரினின்று கொழுந்தைக் கிள்ளும் கைத்திறம் சொல்லாக்கத்திற்கும் வேண்டும்.

அன்று புறப்படுமுன் தேயிலைப் பெட்டி அட்டையொன்றைக் கிழித்து, அதில் ஐந்து கட்டம் வரைந்தேன். ‘முகப்பு’, ‘செய்தி’, ‘அறிவிப்பு’, ‘சேமிப்பு’, ‘அமைவு’ என்று கைப்பேசியில் இருந்த வரிசைப்படியே எழுதி அம்மையாரிடம் நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரே மூச்சில் ஐந்தையும் படித்துவிட்டார். பிறகு கைப்பேசியையும் அட்டையையும் மாறிமாறிப் பார்த்து, “இதை ஏன் இதுல எழுத மாட்டேங்கறாங்க?” என்று கேட்டார். விடை கூற என்னிடம் சொல் இல்லை. அட்டையைக் கைப்பேசியின் உறைக்குள் செருகி வைத்துக்கொண்டார். செயலியை அமைப்போர் அக்கேள்விக்கு விடை கூறும் வரையில், அவருக்கு வழிகாட்டும் தமிழ்ப் பட்டை அந்த அட்டைதான்.